புற ஊதா ஒளிச் சிகிச்சைக் குழல்விளக்குகள்: தேர்வும் மாற்றலும்

புற ஊதா ஒளிச் சிகிச்சைக் குழல்விளக்கு என்பது வெண்புள்ளி, சொரியாசிஸ் முதலிய தோல் நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுத்தப்படும் ஒரு வகை டியூப்லைட் ஆகும். மேலைநாடுகளில் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள மக்கள் படுக்கும் ஒளிப்படுக்கைகளில் உள்ளவையும் இதே குடும்பத்து விளக்குகள்தாம். தோலைக் கறுக்கச் செய்யக் காசு கொடுப்பார்கள் என்றால், வெளுப்பாக்கும் களிம்பு விற்கும் நம் கடைத்தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். நம் பகுதியில் இவ்விளக்குகளைத் தேடுவோர் பெரும்பாலும் நோயாளிகளே.

வெண்புள்ளி தொழுநோய் அன்று, ஒட்டுவதும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் அழிவதால் வருவது. 'வெண்குஷ்டம்' என்ற சொல்லை விடுத்து 'வெண்புள்ளி' என்றே வழங்கவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டுள்ளது. ஆயினும் வகுப்பில் அத்தகைய பிள்ளையின் பெஞ்சில் மற்றப் பிள்ளைகள் இடம்விட்டு உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பின்னணி

வெயிலையும் கார்போகரிசியையும் சேர்த்து வெண்புள்ளிக்குப் பயன்படுத்தும் வழக்கம் இந்தியாவில் மிகப் பழையது. அவ்விதையில் உள்ள சொராலென் என்னும் பொருள் தோலை ஒளிக்குக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. எகிப்தில் எல் மொஃப்டி 1940களின் இறுதியில் வேறொரு செடியிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளை ஆராய்ந்தார். 1974இல் அமெரிக்காவில் சொராலெனையும் புற ஊதா 'ஏ' விளக்கையும் இணைத்துச் சொரியாசிசுக்குச் சிகிச்சை அளித்தனர். பின்னர், மாத்திரையே தேவைப்படாத 311 நானோமீட்டர் விளக்கு வந்தது. 1997இல் நெதர்லாந்து மருத்துவர்கள் அதை வெண்புள்ளிக்குப் பயன்படுத்தி முடிவுகளை வெளியிட்டனர். இன்று பெரிதும் வழக்கில் இருப்பது இதுவே.

எந்தக் குழல்?

குழலுக்குள் பாதரச ஆவி 254 நானோமீட்டர் கதிரை உமிழ்கிறது. உட்சுவரில் பூசிய பொடி அதை ஏற்று வேறு அலைநீளமாக மாற்றித் தருகிறது. ஆகவே ஒரு குழலின் குணம் அதன் பொடியிலும் கண்ணாடியிலும் இருக்கிறதே தவிர, நீளத்திலோ வாட்டிலோ இல்லை. ஒரே ஹோல்டரில் ஐந்து வகைக் குழல்கள் பொருந்தும். ஐந்தும் ஐந்து வேலை செய்யும். ஆபத்தே இங்குதான்.

311 நானோமீட்டர் குழலின் மேல் '01' என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் இதை டிஎல் 01 என விற்கிறது. கைக்கருவிகளில் 9 வாட் பிஎல்-எஸ் 01 உண்டு. '12' என்ற எண் உள்ளது அகன்ற பட்டைப் புற ஊதா 'பி' குழல். அதே நேரம் காட்டினால் தோல் வெகு விரைவில் வெந்துவிடும். பழுப்பாக்கும் குழல் பெரும்பாலும் 'ஏ' கதிரும் சிறிதளவு 'பி' கதிரும் தருவது, சிகிச்சைக்கு மாற்றாகாது. அத்தகைய ஒளிப்படுக்கைகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

குடிநீர்ச் சுத்திகரிப்பானில் உள்ள குழல் பொடி பூசாதது. அதிலிருந்து வரும் 254 நானோமீட்டர் கதிர் கிருமிக்கு எமன், கண்ணுக்கும் கேடு. மஞ்சள்காமாலைப் பச்சிளங்குழந்தைகளுக்கு வைக்கும் நீல விளக்கையும் 'போட்டோதெரபி விளக்கு' என்றே சொல்வதால், கடையில் அப்பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. அது புற ஊதா விளக்கே அன்று. எனவே பழைய குழலின் மேலுள்ள எழுத்து முழுவதையும், எண், வாட், முனை வடிவம் உட்பட, படம் எடுத்துக்கொண்டு செல்வது நல்லது. கைக்கருவிக் குழலில் இரண்டு பின் உள்ளதற்குள் ஸ்டார்ட்டர் அடங்கியிருக்கும். நான்கு பின் உள்ளது எலக்ட்ரானிக் சோக்கிற்கு உரியது.

எப்போது மாற்றுவது?

வீட்டு டியூப்லைட் மினுங்கினால் மாற்றுகிறோம். இதில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. நீல ஒளி பழையபடியே தெரியும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா மட்டும் குறைந்துகொண்டே வரும். போச்சம்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ வாரம் இருமுறை, அரைநாள் கூலியை விட்டுப் பேருந்தேறிப் போகும் ஒருவர், தேய்ந்த குழலின் முன் மாதக்கணக்கில் நின்றுவிட்டு, 'எனக்கு இது குணமாகாது' என்று சிகிச்சையை நிறுத்திவிடலாம். நோய் பிடிவாதமா, குழல் பழசா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே "குழல் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" என்று நோயாளி கேட்பதில் தவறே இல்லை.

எரிந்த நேரத்தைக் கருவியின் மணிக்கணக்கியில் அல்லது ஒரு நோட்டில் குறிக்கவேண்டும். பொதுவாக 500 முதல் 1000 மணி நேரத்துக்குள் குழல்களின் திறன் கணிசமாகக் குறையும். கதிர்மானி கொண்டு, விளக்கு ஐந்து நிமிடமாவது எரிந்து சூடான பின் அளப்பதே சரியான வழி.

கணக்கு எளிது. மருந்தளவு என்பது கதிர்ச்செறிவைப் பெருக்கல் நேரம். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் தரும் குழலில் 100 வினாடி நின்றால் 500 மில்லிஜூல். குழல் தேய்ந்து 3.5 மில்லிவாட் ஆனால் அதே 500க்கு 143 வினாடி வேண்டும். இப்போது புதுக் குழல் மாட்டிவிட்டு, பழைய பழக்கத்தில் 143 வினாடியே நிறுத்தினால் தோலில் விழுவது 715. அன்றிரவே தோல் சிவந்து எரியும். இத்துறையில் எளிதில் நேரக்கூடிய, எளிதில் தவிர்க்கவும் கூடிய விபத்து இது. ஆகவே புதுக் குழல் மாட்டிய அன்று மீண்டும் அளந்து, மருத்துவர் நேரத்தைக் குறைத்து எழுதித்தர வேண்டும்.

மாட்டும்போது

மின்சாரத்தைத் துண்டித்து, குழல் ஆறிய பின் கழற்றவும். எல்லாக் குழல்களையும் ஒரே முறையில் மாற்றுவது நல்லது. பாதி புதிதும் பாதி பழையதுமாக இருந்தால் உடலின் ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு. சோதிக்கப் போடும்போதும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியவேண்டும். வெறுங்கண்ணால் பார்ப்பதால் வரும் எரிச்சல் சில மணி நேரம் கழித்தே தெரியும், வெல்டிங் பார்த்த கண்ணைப் போல. சிகிச்சையின்போது ஆண்கள் பிறப்புறுப்பையும் மூடிக்கொள்வர்.

குழல் உடைந்தால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டி அட்டையால் வாரி மூடியுள்ள பாட்டிலில் போடவேண்டும். உள்ளே பாதரசம் உண்டு. இதே காரணத்தால் பழைய குழலைக் குப்பைத்தொட்டியில் போடலாகாது. இந்திய மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடங்கும். அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.