சட்டகத்துக்கு வெளியே தொடங்கும் எழுத்து

மொழி வகுப்பில் படத்தைக் காட்டி எழுதச் சொல்லும் வழக்கம் பழையது. ஆனால் படத்தில் தெரியும் மரத்தையும் மாட்டையும் வரிசையாக எழுதுவதே விடையென்று கொள்ளப்படும்போது, ஆசிரியர் முன்பே அறிந்ததை மாணவர் திருப்பிச் சொல்வதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வெண்டி எவால்ட் மாணவர் கையில் கேமராவையே கொடுத்து, இந்த முறையைத் தலைகீழாக்கினார்.

1970களின் பிற்பகுதியில், கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க மலைப்பகுதியான லெட்சர் கவுண்டியில் அவரிடம் பயின்ற சிறார், தாங்களே படமெடுத்து, இருட்டறையில் கழுவி அச்சிட்டனர். அந்தப் படங்களும் அவர்களுடைய சொற்களும் ‘போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் டிரீம்ஸ்’ என்ற நூலாக 1985-இல் வெளிவந்தன. தன்னுருவம், குடும்பம், கனவு என அமைந்த தலைப்புகளுள் மொழியாசிரியர் ஊன்றிப் பார்க்கவேண்டியது கனவைத்தான். கனவு கேமராவின் முன் வந்து நிற்பதில்லை. தான் கண்ட கெட்ட கனவைப் படமாக்க விரும்பும் குழந்தை, யாரை எங்கே நிறுத்துவது, எந்த முகத்தை மறைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழவேண்டும் என்பதையெல்லாம் முதலில் சொல்லால் வகுத்தாக வேண்டும்; ஆகவே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே கதையின் முதல் வரைவு மனத்தில் உருவாகிவிடுகிறது.

எவால்ட் பின்னர் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஒளிப்படத்தையும் எழுத்தையும் இணைக்கும் கல்வித் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே கறுப்பின மாணவர் மிகுந்த நகரப் பள்ளிகளும் வெள்ளையர் மிகுந்த கவுண்டிப் பள்ளிகளும் 1992-இல் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்த பின்னர், 1994 முதல் 1997 வரை நடந்த ஒரு பணியில், மாணவர்கள் தம்மைத் தாமாகவும், வேறு இனத்தவராகவும் எழுதிப் பார்த்தனர். அவ்விரு நிலைகளிலும் எடுக்கப்பட்ட படங்களின் நெகட்டிவ்களில், அதாவது ஒளியும் இருளும் இடம்மாறித் தெரியும் படச்சுருள் பிரதிகளில், தம் கையாலேயே எழுதினர். பிறர் தோலுக்குள் புகுந்து பேசுவது புனைகதையின் அடிப்படைத் திறன் என்பதால், இலக்கணப் பாடம் எட்டமுடியாத இடத்தை இப்பயிற்சி தொட்டது என்றே சொல்லவேண்டும்.

கேமரா இல்லாத வகுப்புக்கும் இவ்வழி அடைபட்டதன்று. சட்டகம் என்பது படத்தின் நான்கு விளிம்புகள்; அவற்றுக்குள் எது அடங்கியது என்பதைப் போலவே எது விடுபட்டது என்பதும் எடுத்தவரின் தேர்வு. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய குடும்பப் படம் ஒன்றில் எல்லோரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் திசையில் கேமராவோடு நின்றவர் யார், அவர் ஏன் குடும்பத்தோடு வந்து அமரவில்லை என்று கேட்டால், படத்தில் இல்லாத அந்த ஒருவரிடமிருந்தே மாணவரின் முதல் வாக்கியம் புறப்படுகிறது.