இன்ஜின் நின்ற பிறகு

"நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழ வேண்டியதுதானா?" என்று கேட்டு ஒரு மாணவி எழுதியிருக்கிறார். இல்லை அம்மா. இறங்கும் வேகத்தையே முதலாக்கிப் பத்திரமாகத் தரைதொட ஒரு வழி உண்டு. அதன் பெயர் 'ஆட்டோரொட்டேஷன்'.

மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுகிறதல்லவா? ஹெலிகாப்டரிலும் அப்படியொரு ஃப்ரீவீல் இருக்கிறது. இன்ஜின் நின்றதும் சுழலி தனித்துச் சுற்றும். சிறுவயதில் பனையோலைக் காற்றாடியை முள்ளில் குத்திக்கொண்டு கண்மாய்க்கரையில் ஓடுவோம். ஓட ஓடத்தான் அது சுற்றும். இங்கும் இறங்க இறங்க, கீழிருந்து வரும் காற்று சுழலியைச் சுற்றிவிடுகிறது.

என்னை மயக்குவது சுழலியின் இறக்கைக்குள் நடக்கும் வேலைப் பங்கீடு. அடிப்பகுதியால் அதிகப் பயனில்லை. நுனிப்பகுதி தாங்கும், ஆனால் சுழற்சியை இழுத்துப் பிடிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் காற்றிலிருந்து வலுவை வாங்கி முழுச் சுழலியையும் ஓட்டுகிறது. நின்றுபோன இன்ஜினின் வேலையை இறக்கையின் நடுத்துண்டு பார்க்கிறது!

1972 ஜூன் 21 அன்று பிரான்சில் ஜான் பூலே, லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் ஏறி உலக சாதனை படைத்தார். உச்சியில் இன்ஜின் அணைந்தது. அவ்வளவு உயரத்தையும் சுழலியை நம்பியே இறங்கி வந்தார். அதே லாமாதான் பெங்களூருவில் 'சீட்டா' என்ற பெயரில் தயாராகி, சியாச்சினில் நம் வீரர்களுக்காகப் பறக்கிறது.

இன்ஜின் நின்ற கணத்தில் விமானி இடக்கை நெம்புகோலைத் தாழ்த்தி இறக்கைகளின் சாய்வைக் குறைக்க வேண்டும். விழுகிறோம் என்ற பயத்தில் மேலே இழுத்தால் சுழற்சி செத்துவிடும். ராபின்சன் ஆர்22 போன்ற சிறு ஹெலிகாப்டரில் அவகாசம் ஓரிரு விநாடிதான். தரை நெருங்கியதும் மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்ல வேண்டும். கடைசியில்தான் நெம்புகோலைத் தூக்க வேண்டும். சுழற்சியில் சேர்ந்திருக்கும் வலு அந்த ஒரு முறைக்குத்தான் வரும்.

கிணற்றில் நீச்சல் பழக்கியபோது, "உதறாதே, உடம்பைத் தளரவிடு, தண்ணீர் தூக்கும்" என்றார் அப்பா. காதுக்கு உடனே புரிந்தது; உடம்புக்குப் புரிய ஒரு கோடை ஆனது. விமானியின் கைக்கும் அப்படித்தான். இன்றைய இன்ஜின்கள் எளிதில் நிற்பதில்லை என்பதற்காக ஆட்டோரொட்டேஷன் பயிற்சியின் மணிநேரத்தைக் குறைப்பது, கிணறு வற்றியிருக்கும்போது நீச்சல் எதற்கு என்று கேட்பதைப் போன்றது. மழை வரும்.