பள்ளியின் செய்தி பெற்றோருக்கு எட்டட்டும்

பள்ளிக்கூடம் என்றவுடன் ஊராட்சி உறுப்பினர் பலருடைய நினைவுக்கு முதலில் வருவது கட்டடமே. சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது, குழாயில் நீர் வரவில்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பன போன்ற விண்ணப்பங்கள் வாரந்தோறும் நம் அலுவலகத்துக்கு வருகின்றன. அவை நியாயமான விண்ணப்பங்களே. இயன்றவரை அவற்றை நிறைவேற்றியும் வருகிறோம். ஆயினும், எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் தடையின்றித் தமிழ் படிக்கிறார்கள் என்று கேட்டு, ஓர் ஊராட்சியிலிருந்தேனும் இதுவரை நமக்குக் கடிதம் வந்ததில்லை. நாமும் அதைக் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சுவரைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சுவருக்குள் நடப்பதைப் பற்றி நாம் பேசவில்லை.

இக்குறை இன்று நேற்று தோன்றியதன்று. திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையின் தலைமையில் இருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டில் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடைபெற்றன. பள்ளிக்கு இன்ன பொருள் இல்லை என்று சொன்ன மாத்திரத்தில் ஊரார் மனமுவந்து கொடுத்தனர். குறையைச் சொன்னால் மக்கள் கைகொடுப்பார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டபோது தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. 1981ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். கற்பித்தல் கல்வித் துறையின் வேலை, கட்டடம் நம்முடைய வேலை என்னும் எண்ணம் அப்பொழுது முதல் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெயர்ப்பலகையில் மட்டும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்பது நிலைத்திருக்கிறது.

நம் மனத்தை உறுத்திய நிகழ்ச்சி ஒன்றை இங்கே கூறுவோம். சென்ற ஆண்டு ஒரு சிற்றூரில் பள்ளிக்கூட மராமத்து வேலையைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலைக்கு வேண்டிய மணலைத் தம் வண்டியில் ஏற்றி வந்து இலவசமாகக் கொடுத்த விவசாயி ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய மகன் நான்காம் வகுப்பில் பயில்பவன். தந்தை பெருமையுடன் அழைத்து, “ஐயாவுக்குப் படிச்சுக் காட்டு” என்றார். சிறுவன் புத்தகத்தை விரித்து ஒரு பக்கம் முழுவதையும் மடமடவென்று ஒப்பித்தான். அவனுடைய கண் புத்தகத்தில் இல்லை, கூரையில் இருந்தது. நாம் அதே பக்கத்தின் நடுவில் ஒரு வரியின்மீது விரலை வைத்து, இங்கிருந்து படி என்றோம். அவன் மீண்டும் முதல் வரியிலிருந்தே தொடங்கினான். அவ்வரியை மாத்திரம் படி என்றபோது எழுத்துக்கூட்ட முயன்று நின்றுவிட்டான்.

தந்தையின் முகம் சிறுத்துவிட்டது. “மூணு வருஷமா அட்டையிலே கையெழுத்துப் போட்டேனுங்க ஐயா. படிக்கத் தெரியலைன்னு ஒருத்தரும் சொல்லலையே” என்றார். அடுத்த கணம் மகனை அடிக்கக் கை ஓங்கினார். ஆசிரியை குறுக்கே வந்து தடுத்தார்.

ஆசிரியையைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. இருவர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளி அது. சிறுவனுடைய நிலை அந்த அம்மையாருக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது. பதிவேட்டை எடுத்துக் காட்டினார். சூன் மாதம் முதல் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பது அதில் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தது. கைப்பேசி வழியாக மேலிடத்துக்கும் அனுப்பியிருந்தார். மாவட்டத் தலைநகருக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட செய்தி, பள்ளியிலிருந்து இருநூறு கெஜ தூரத்தில் உள்ள வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மேல்நோக்கிச் செய்தி செல்ல எத்தனையோ பாதைகள் அமைத்திருக்கிறோம். பக்கத்துத் தெருவுக்குச் செல்லும் பாதையை மறந்துவிட்டோம்.

இத்தனைக்கும் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லுகிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்துவரும் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகக் கூட்டிப் பிள்ளையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைக்க வேண்டும் என்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக வைத்துள்ளது. 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே, பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்பது ஆசிரியரை வேவு பார்ப்பதாகாது. பெற்றோருக்கு உரிய ஒன்றைக் கேட்பதேயாகும். ‘வாத்தியாரிடம் போய்க் கேட்பதா?’ என்று தயங்கும் தாய்மாருக்கு இதை ஊராட்சி உறுப்பினர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும்.

என்ன கேட்பது என்பது அடுத்த கேள்வி. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். இவை வகுப்பின் பெயர்கள் அல்ல. அரும்பு ஏறத்தாழ முதல் வகுப்புக்கும், மொட்டு இரண்டாம் வகுப்புக்கும், மலர் மூன்றாம் வகுப்புக்கும் உரிய கற்றல் நிலையாகும். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கக்கூடும். அரும்பு என்னும் சொல் அழகாக இருக்கிறதே என்று மகிழ்ந்து திரும்பிய தாய் ஒருவரை நாம் கண்டிருக்கிறோம். அது முதல் வகுப்புப் பாடம் என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? பள்ளி திறந்தபோது என் பிள்ளை எந்த நிலையில் இருந்தாள், இப்பொழுது எந்த நிலையில் இருக்கிறாள் என்னும் ஒரு கேள்வி போதும். ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருந்தால் ஏன் என்று மேலும் கேட்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் வீட்டிலேயே ஓரளவு அறிந்துகொள்ளலாம். பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லாமல், பக்கத்தின் நடுவிலே விரலை வைத்து அங்கிருந்து படிக்கச் சொல்லுதல் வேண்டும். விதைப் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்துகளையோ, நியாயவிலைக் கடைச் சீட்டையோ கொடுத்துப் பார்க்கலாம். படித்த பின், என்ன படித்தாய், உன் வாயால் சொல் என்று கேட்கலாம். மனப்பாடம் செய்த பிள்ளை நடுவில் தொடங்க இயலாது. எழுத்தை ஒலித்துவிட்டுப் பொருளறியாத பிள்ளைக்குத் திருப்பிச் சொல்ல வராது. இரண்டையும் கண்டறியத் தாய்க்கு எழுத்தறிவு வேண்டியதில்லை.

செய்தியைச் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். உங்கள் மகன் படிக்கவில்லை என்று ஊரார் முன்னிலையில் சொன்னால், அன்று மாலையே அப்பிள்ளைக்கு அடி விழும். மறுநாள் அவன் பள்ளிக்கு வரமாட்டான். ஓங்கிய அந்தக் கையை நாம் இன்னும் மறக்கவில்லை. நம் கேள்வியும் பலர் முன்னிலையில் கேட்கப்பட்டதே என்று பின்னால் வருந்தினோம். பிள்ளைக்கு இன்று என்ன தெரியும் என்பதை முதலிற் கூறி, அடுத்து வர வேண்டியது எது, அதற்கு வீட்டில் செய்யத்தக்கது எது என்று தனித்துச் சொல்லுவதே முறை. அந்தச் சிறுவன் பெருக்கற்கணக்கில் கெட்டிக்காரன் என்பதையும் அந்த ஆசிரியைதான் பிறகு நமக்குச் சொன்னார். தந்தைக்கு அதுவும் தெரியாது.

கூட்டம் நடைபெறும் நேரத்தைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. நம் வட்டாரத்தில் வேலை நாளின் பிற்பகலில் கூட்டம் கூட்டி, பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று எழுதி வைத்த பள்ளிகள் உண்டு. நடவு நாளில் ஒரு கூலிப் பெண் பிற்பகல் மூன்று மணிக்குக் கரையேறினால் அன்றையக் கூலி போயிற்று. வராதவரின் வீட்டுக்குத் தீர்மானப் புத்தகத்தை அனுப்பிக் கையொப்பம் பெறும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதைக் கூட்டம் என்று சொல்லுவதற்கில்லை. மாலை ஆறு மணிக்குக் கூட்டினால் வருவார்கள். அன்றியும், பொது இடம் என்று நாம் கருதும் இடம் எல்லோருக்கும் பொது இடமாக இருந்துவிடுவதில்லை. ஊருக்கு அப்பாலுள்ள குடியிருப்பிலிருந்து பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், ஒரு மாதக் கூட்டத்தை அக்குடியிருப்பிலேயே நடத்துவது நன்று. ஆசிரியர் தம் தெருவுக்கு வந்து அமர்ந்து பேசினார் என்பதை அம்மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

கைப்பேசிக் குழு வைத்துச் செய்தி அனுப்பும் பள்ளிகள் பல. அதில் எண் தந்தையுடையது. பிள்ளையைக் கவனிப்பவரோ தாய் அல்லது பாட்டி. எழுத்தாக அனுப்புவதைவிட ஆசிரியர் தம் குரலிலேயே இரண்டு வாக்கியம் பேசி அனுப்பினால் வீட்டார் அனைவரும் கேட்பர். விடுமுறை, தடுப்பூசி, விளையாட்டு விழா முதலிய செய்திகளுக்கு இது போதுமானது. பிள்ளை பள்ளிக்கு வராத செய்தியோ அன்றே செல்ல வேண்டும். ஆடு மேய்க்கவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு நாள் நிறுத்தப்பட்ட சிறுமி பத்து நாள் நின்றுபோவது நாம் அடிக்கடி காண்பதே. 2022 முதல் நடைபெற்றுவரும் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்; அவர்களிற் பலர் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார். எந்தப் பிள்ளை இன்று உண்ண வரவில்லை என்பது பதிவேடு திறப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வாயிலாக ஒரு சொல் சென்றால் அது வீட்டுக்குள் செல்லும்.

கிராம சபை இப்பொழுது ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது. அவற்றுள் ஆகஸ்டு 15, சனவரி 26 ஆகிய இரு நாட்களிலேனும் தலைமையாசிரியர் ஐந்து நிமிடம் பேச ஊராட்சி இடமளிக்க வேண்டும். பள்ளியில் எத்தனை பேர், அவர்களுள் தடையின்றிப் படிப்போர் எத்தனை பேர், நெடுநாள் வராதோர் எத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டும் போதும். எந்தப் பிள்ளையின் பெயரும் அங்கே வேண்டாம். சென்ற ஆண்டு நம் வட்டாரத்தில் ஐந்து ஊராட்சிகள் இதைச் செய்து பார்த்தன. ஒன்றில், அறிக்கை கேட்டவுடன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்த இரு பெண்கள் மாலையில் பிள்ளைகளைப் படிக்கவைக்க முன்வந்தனர். மற்றொன்றில், சுற்றுச்சுவர் என்னவாயிற்று என்பதே முதற்கேள்வியாக எழுந்தது. அதற்கும் பதில் சொன்னோம்.

மாலைக் கூட்டம் நடத்த விரும்பும் பள்ளிகள் பலவற்றின் தாழ்வாரத்தில் விளக்கு இல்லை. ஊராட்சித் தெருவிளக்குகளைப் பழுதுபார்க்கும்போது பள்ளியின் தாழ்வாரத்துக்கும் ஒரு விளக்கைச் சேர்த்துப் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.