முதலில் சிக்னல், அடுத்து ரீசார்ஜ், கடைசியில் போன்

பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு போன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேமராவில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி, என்ன கலர் என்று கடையில் அரை மணி நேரம் விசாரித்துவிட்டு, பழைய சிம்மையே புதுப் போனில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஒரு வாரம் போனதும், "இதிலும் வீட்டுக்குள்ளே டவர் கிடைக்கலையே" என்கிறார்கள். போனில் குறை இருக்காது. பார்க்க வேண்டிய வரிசைதான் தலைகீழாகிவிட்டது. எந்த நெட்வொர்க் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்தது, மாதாமாதம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பது. போன் கடைசியில் வரட்டும்.

காசுக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. அப்போது ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பேக்கின் விலை 299 ரூபாய் ஆனது. 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 13 முறைக்கு 3,887 ரூபாய். ஒரு போனை மூன்று வருடம் வைத்திருந்தால் ரீசார்ஜுக்கு மட்டும் 11,661 ரூபாய். நீங்கள் யோசித்து யோசித்து வாங்கும் போனின் விலையே அவ்வளவுதான். வீட்டில் நான்கு சிம் இருந்தால் அதை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, நெட்வொர்க்குக்கு வருவோம். "எங்கள் ஊரில் எது நல்ல சிம்?" என்ற கேள்விக்கு மாநிலம் முழுக்கப் பொருந்தும் பதில் கிடையாது. நீங்கள் தூங்கும் அறையில், வேலை பார்க்கும் இடத்தில், தினம் போய்வரும் வழியில் எது கிடைக்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல சிம். ஒரே நிறுவனத்தின் சிக்னல் மொட்டை மாடியில் முழுசாகவும் சமையலறையில் ஒரு கோடாகவும் இருப்பதற்குக் காரணம் அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 2300, 3300 போன்ற உயர்ந்தவை நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் கான்கிரீட்டைத் தாண்டத் திணறும். தூரத்துக் கோயில் திருவிழாவில் மைக்செட் போட்டால் வீட்டுக்குள் மேளத்தின் கனமான அடி மட்டும் கேட்டு, பாட்டு கேட்காமல் போகிறதல்லவா, ஏறக்குறைய அதே சங்கதிதான்.

அதனால் சோதித்துப் பாருங்கள். வீட்டுக்கு வரும் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் கையில் வேறு வேறு சிம்கள் இருக்கும். அவர்களை உள்ளறைக்கு அழைத்து ஒரு கால் பேசச் சொல்லுங்கள், ஒரு வீடியோ ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு எட்டிலிருந்து பத்துக்குள் செய்தால் இன்னும் நல்லது. தெருவே நெட் பார்க்கும் நேரம் அது. அப்போது தாக்குப்பிடிக்கும் டவர் மற்ற நேரமும் தாக்குப்பிடிக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி, எந்தப் பகுதியில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதையும் பாருங்கள். ஆனால் வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவரின் கனம் தெரியாது.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, டவர் மட்டும் சரியில்லை என்றால் வைஃபை காலிங் என்ற வசதியைப் போனில் இயக்கிப் பாருங்கள். வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண கால்கள் போகும், வரும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செட்டிங்ஸில் ஒரு பொத்தானை நகர்த்தினால் தீரக்கூடிய தொல்லைக்காக வாசலில் நின்று கத்திப் பேசுகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பிஎஸ்என்எல்லைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், காரணம் விலை. அதன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தனியார் டவர் எட்டாத சில மலைக் கிராமங்களில் பிஎஸ்என்எல்தான் கதி என்பதும் உண்மை. உங்கள் பகுதியில் 4ஜி ஒழுங்காகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: அவர்களுடைய 4ஜி 700, 2100 மெகாஹெர்ட்ஸ்களில் வருகிறது. 700 என்பது பேண்ட் 28. போன் வாங்கும்போது அதன் விவரப் பட்டியலில் பேண்ட் 28 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க்கை முதலில் முடிவு செய்யச் சொல்வது இதற்காகவும்தான். இதே போல, ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. தாத்தாவின் பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் போட்டால் பேசவே முடியாது.

இப்போதிருக்கும் சிம்மை மாற்ற வேண்டியிருந்தால் நம்பர் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. 2018இல் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் அதே நம்பரோடுதான் வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நிறுவனத்தின் கடைக்குப் போனால் போதும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். மீதமிருக்கும் பேலன்ஸும் வேலிடிட்டியும் கூட வராது. ஆகவே பேக் முடிவதற்கு நான்கைந்து நாள் முன்னால் தொடங்குங்கள். சிம் மாறும் அந்தச் சில மணி நேரத்தில் வங்கி ஓடிபி வராது. கட்ட வேண்டிய பணம் இருந்தால் முந்தைய நாளே கட்டிவிடுங்கள்.

அடுத்தது பேக். விலையைப் பார்க்காதீர்கள், விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். 28 நாள், 56 நாள், 84 நாள், 365 நாள் என்று வெவ்வேறு அளவில் விற்பதால் கண் ஏமாறும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வந்துவிட்டால் ஏமாறாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு 28 நாள் பேக் பெரிய இடைஞ்சல். ஒன்றாம் தேதி போட்ட ரீசார்ஜ் அடுத்த மாதம் சம்பளம் வரும் முன்பே தீர்ந்து நிற்கும். இதைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால், 30 நாள் பேக் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை ஆப்பின் முகப்பில் இருக்காது. கீழே போய்த் தேடுங்கள், கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமான இன்னொரு உத்தரவு 2024 டிசம்பரில் வந்தது. டேட்டாவே வேண்டாம், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் போதும் என்பவர்களுக்குத் தனி ரீசார்ஜ் விற்க வேண்டும் என்பது அது. அதன்படி மறுமாதமே நிறுவனங்கள் அப்படிப்பட்ட பேக்குகளைக் கொண்டுவந்தன. பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கும், நாள் முழுக்க வீட்டு வைஃபையில் இருக்கும் அப்பாவுக்கும், வங்கி ஓடிபிக்காக மட்டும் உயிரோடு வைத்திருக்கும் இரண்டாவது சிம்முக்கும் இது பொருத்தம். ஒரு எம்பிகூடப் பயன்படுத்தாத முதியவர்களுக்குத் தினம் 1.5 ஜிபி போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், அடுத்த ரீசார்ஜுக்கு முன் இதை ஒருமுறை விசாரியுங்கள்.

எவ்வளவு டேட்டா தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் டேட்டா பயன்பாடு என்ற இடத்தில் போன மாதக் கணக்கு இருக்கிறது. 480 தரத்தில் வீடியோ பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜிபிக்குள் முடியும். அதையே 1080இல் பார்த்தால் ஒன்றரை ஜிபியைத் தாண்டிவிடலாம். ஆறரை அங்குலத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. தரத்தைக் குறைத்து வைத்தாலே சின்ன பேக் போதும். தினசரி அளவு தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். ஒரு எம்பி படம் இறங்கவே இரண்டு நிமிடம் ஆகும் வேகம் அது. கடையில் நின்று யுபிஐயில் பணம் அனுப்பும்போது சுற்றிக்கொண்டே இருப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், டெலிவரி வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். டேட்டா தீர்ந்தால் அன்றைய சவாரி போகும்.

"அன்லிமிடெட் 5ஜி" என்ற சொல்லையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு ஜியோவும் ஏர்டெல்லும் அதைப் பெரும்பாலும் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளோடு மட்டும் தந்தன. போன் 5ஜி சிக்னலில் இருக்கும் வரைதான் அளவில்லை. 4ஜிக்கு இறங்கினால் தினசரிக் கணக்கு ஓடத் தொடங்கும். உங்கள் தெருவில் 5ஜி நிலையாக வராவிட்டால் அந்தக் கூடுதல் பணம் வீண்.

5ஜி போனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஜியோ தன் 5ஜியைத் தனித்து இயங்கும் முறையில் அமைத்தது. ஏர்டெல் தொடக்கத்தில் 4ஜியின் தோளில் ஏறி இயங்கும் முறையில் அமைத்தது. 2024 நவம்பரில் குறைந்த விலையில் வந்த ரெட்மி ஏ4 5ஜி, தனித்து இயங்கும் முறையை மட்டுமே ஏற்கும். பெயரிலேயே 5ஜி என்று இருந்தும், ஏர்டெல்லின் அந்த 5ஜி அதில் வராது. நிறுவனம் இதை மறைக்கவில்லை, விவரப் பட்டியலில் இருந்தது. அதைப் படிக்காமல் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான். "என் சிம்மில் இந்தப் போனுக்கு 5ஜி வருமா?" என்று கேட்டு, கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனில் மிச்சம் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ராம் 4 ஜிபி என்பது இன்றைக்கு மிகக் குறைந்த அளவு, முடிந்தால் 6. பெட்டியில் "8 ஜிபி" என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் 4+4 என்றிருந்தால் உண்மையான ராம் 4தான். மீதி, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டும் கணக்கு. சேமிப்பிடம் 128 ஜிபி இருக்கட்டும். அது எந்த வகை என்பது இன்னும் முக்கியம். இஎம்எம்சி வகை மெதுவானது, யுஎஃப்எஸ் வகை அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஒரே விலையில் இரண்டு போன் இருந்தால் யுஎஃப்எஸ் உள்ளதை எடுங்கள். இரண்டு வருடம் கழித்து "ஹேங் ஆகுது" என்ற புலம்பல் குறையும். பின்பக்கம் மூன்று வட்டங்கள் இருப்பதால் மூன்று கேமரா என்று நம்ப வேண்டாம். இந்த விலையில் உருப்படியானது ஒன்றுதான், கூடவே இருப்பவை பெரும்பாலும் 2 மெகாபிக்சல் ஒப்புக்கு.

கேமராவுக்குத் தரும் கவனத்தை அப்டேட்டுக்குத் தாருங்கள் என்பேன். சாம்சங் 2025 தொடக்கத்தில் பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் கொண்டுவந்த எம்06 5ஜிக்கு நான்கு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட் அறிவித்தது. அதைவிட விலை கூடிய ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்டு. இதே விலைகளில் இரண்டு ஆண்டோடு நிறுத்திக்கொள்ளும் போன்களும் கிடைக்கின்றன. சேமிப்புப் பணம் முழுக்க யுபிஐயில் புரளும் காலத்தில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனை வைத்திருப்பது ஆபத்து. ஆண்ட்ராய்டு பழசானால் வங்கி ஆப்புகளும் ஒவ்வொன்றாக ஓட மறுக்கும். எத்தனை வருடம் என்று கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். அங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றால் அந்தப் போனை விட்டுவிடலாம்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ இருக்கிறதா, டிஸ்பிளே உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டித் தொகைக்கு ஜிஎஸ்டி சேருமா என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய போன் வாங்கினால், *#06# அடித்ததும் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டுப் போனென்று முடக்கப்பட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். புதிதோ பழையதோ, பில்லில் ஐஎம்இஐ எண்ணை எழுதித் தராத கடையில் பணம் கொடுக்காதீர்கள்.