குணமானோர் கணக்கு: நீதிமன்றப் படியேறி வந்த தரவு

நாள்பட்ட சோர்வு நோய் வந்தவர்களில் பலர் சிறிது தூரம் நடந்தாலே பல நாள் படுத்துவிடுவார்கள். அவர்களுக்கு எந்தச் சிகிச்சை உதவும் என்று பார்க்க பிரிட்டன் நடத்திய ஆய்வுதான் ‘பேஸ்’. ஆறு மருத்துவ மையங்கள், 641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு அரசுப் பணம்.

நடத்தை சிகிச்சை பெற்றவர்களிலும், உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டியவர்களிலும் 22 சதவீதம் பேர் குணமானதாக 2013-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 7 சதவீதம்.

இந்தக் கணக்கை நோயாளிகளே முதலில் சந்தேகித்தார்கள். உடல் இயக்கத்துக்கு 100 வரை மதிப்பெண் உண்டு. 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர முடியும். குணமாக 85 வேண்டும் என்பது முதலில் எழுதிவைத்த திட்டம். பின்னர் அது 60 ஆனது. அதாவது, 65-உடன் சேர்ந்தவர் 60-க்கு இறங்கினாலும் இந்த ஓர் அளவில் தேறிவிடுவார்! வேறு நிபந்தனைகளும் இருந்தன. அவற்றிலும் சில தளர்த்தப்பட்டன. பழைய எல்லை மிகக் கடுமையானது என்பது ஆய்வாளர்களின் வாதம். அப்படியானால் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு நோயாளி 2014-இல் பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி தரவைக் கேட்டார். தரவை வைத்திருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. கொடுக்கும்படி தகவல் ஆணையர் உத்தரவிட்டும் மேல்முறையீடு செய்தது. நோயாளிகளின் அந்தரங்கம் வெளிப்படும் என்றது. பெயர் நீக்கிய தரவிலிருந்து ஆளை அடையாளம் காணும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயம் அந்த முறையீட்டைத் தள்ளியது.

தரவு கைக்கு வந்ததும் வெளியாட்கள் பழைய அளவுகோலையே வைத்துக் கணக்கிட்டார்கள். குணமானவர்கள் நடத்தை சிகிச்சையில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4, வழக்கமான கவனிப்பில் 3. புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் அந்தச் சிகிச்சையை, மொத்த ஆதாரங்களையும் புதிதாக அலசிய பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற சிகிச்சை வழிகாட்டுதல் அமைப்பு 2021-இல் கைவிட்டது.

இதே கதை வேறு இடத்திலும் உண்டு. அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்துகள் குறித்து அரசு நிதியில் 4,041 பேரைச் சேர்த்து நடந்த ‘ஸ்டார்-டி’ ஆய்வு, நான்கு கட்டங்களில் 67 சதவீதம் பேர் தேறியதாக 2006-இல் மதிப்பிட்டது. 2023-இல் வந்த மறுகணக்கில், முதல் திட்டப்படி அது 35 சதவீதம். அங்கே தரவைப் பெற வழக்கு தேவைப்படவில்லை. அரசு மனநல நிறுவனத்திடம் விண்ணப்பித்தாலே போதுமாக இருந்தது.

மக்கள் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வுக்கும் இந்த ஏற்பாடு வேண்டும். முடிவு அச்சாகும் அன்றே, பெயர் நீக்கிய தரவும் முதல் திட்டமும் பிற ஆய்வாளர்கள் கேட்டால் கிடைக்க வேண்டும். நிதி தரும் அரசுகள் இதை நிபந்தனையாகவே எழுதிவைக்கட்டும்.