கொப்பரை மூட்டைக்குள் நடக்கும் திருட்டு

தமிழக-கேரள எல்லையான கோபாலபுரத்தைத் தாண்டும் லாரிகளில் கொப்பரை போகிறதே, அது டீசல் என்ஜினையும் ஓட்டும், தெரியுமா? பிலிப்பைன்ஸில் 2007-லிருந்தே தேங்காய் எண்ணெயில் செய்த பயோடீசலை டீசலில் கலக்கிறார்கள். 1 சதவீதத்தில் ஆரம்பித்து 2024-ல் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள்! 2030-க்குள் 5 சதவீதம் பயோடீசல் என்பது நம் நாட்டின் இலக்கு.

அந்த எரிபொருளின் தலையெழுத்தை எழுதுவது கொப்பரைக் கிடங்குதான். வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்!

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். களத்தில் காய்ந்து ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கினால் கொப்பரைக்குக் கவலையில்லை. ஆனால் ஜூன் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று குபுகுபுவென்று நுழையும். கொப்பரை அதைக் குடிக்கும். பிறகு பாருங்கள் வேடிக்கையை! முதலில் வெள்ளை நூல், அப்புறம் கரும்பொடி, மஞ்சள்பச்சைப் பொடி. கறுப்பு, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சணம். மஞ்சள்பச்சை, ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்.

இந்தப் பூஞ்சணம் லைப்பேஸ் என்ற நொதியைக் கக்குகிறது. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் முதுகெலும்பில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலங்கள். லைப்பேஸ் கத்தரிக்கோல் போல அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி விடுகிறது. எண்ணெய் கறுக்கும், காறல் வாடை அடிக்கும், அமிலம் ஏறும்.

உச்சக்கட்டம் ஆலையில்! பயோடீசல் செய்ய எண்ணெயோடு மெத்தனாலும் காரமும் சேர்ப்பார்கள். அறுபட்டுக் கிடக்கும் அமிலம் காரத்தைக் கண்டதும் என்ன ஆகிறது? சோப்பு! டீசலாக வேண்டியது தொட்டியிலேயே நுரைத்து நிற்கும், கிளிசரின் பிரியாது. கந்தக அமிலம் போட்டு முன்கூட்டியே ஒரு சுற்று சரிசெய்யலாம், செலவு கூடும். புங்கன், காட்டாமணக்கு விதைகளுக்கும் இதே கதைதான். ஓடு உடைந்த விதையில் பூஞ்சணம் இன்னும் சீக்கிரம் ஏறும்.

எண்ணெய் ஆட்டிய பிறகும் தொல்லை தீராது: பிளேவஸ் விடும் அஃப்ளாடாக்சின் நஞ்சு புண்ணாக்கில் தங்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது இந்த நஞ்சு ஏறிய கடலைப் புண்ணாக்கைத் தின்றுதான். நம் மாடு நஞ்சேறிய புண்ணாக்கைத் தின்றால் நஞ்சு பாலிலும் வரும். எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்.

கொப்பரை வைத்திருப்பவர்களே, ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். படக்கென்று முறிந்தால் மூட்டை கட்டுங்கள். வளைந்தால் இன்னொரு வெயில் காட்டுங்கள். மூட்டையை வெறுந்தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.