வண்டி விளக்குக்கு வர்ணச் சட்டை!

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். கும்பகோணத்தில் இருந்து குடவாசல் போகும் சாலை. இரண்டு பக்கமும் சம்பா வயல். எங்கும் பனி மூட்டம்.

ஒரு லாரி போகிறது. தூரத்தில் சிவப்பாக ஒரு விளக்கு தெரிகிறது.

"முன்னால் ஏதோ வண்டி போகிறது. நெருங்கியதும் ஒதுங்கிக் கொள்ளலாம்" என்று டிரைவர் நினைக்கிறார். வேகத்தைக் குறைக்கவில்லை.

ஆனால் அந்த வண்டி போகவில்லை. எதிரே வந்து கொண்டிருக்கிறது! அது ஒரு மோட்டார் சைக்கிள். அழகுக்காக அதன் முன்விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி இருக்கிறார்கள்.

பிறகு என்ன நடக்கும்? சொல்லவே வேண்டாம்.

இது கற்பனைதான். ஆனால் நடக்கக் கூடிய கற்பனை.

நிறம் பேசும்

இரவில் வண்டி தெரியாது. விளக்குதான் தெரியும். வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தால், "நான் வருகிறேன்" என்று பொருள். சிவப்பு தெரிந்தால், "நான் உனக்கு முன்னால் இருக்கிறேன்" என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்தப் பாஷை புரியும்.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதையே சொல்கின்றன. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது. பின்பக்கம் சிவப்புதான் தெரிய வேண்டும். திரும்பும்போது மின்னும் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விளக்கின் நிறத்தை மாற்றுவது, வழியில் வருகிறவனிடம் பொய் சொல்வது போல!

கூட்டாது, குறைக்கும்

கலர் தாள் ஒட்டினால் வெளிச்சம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கலர் தாள் ஒரு சல்லடை. தன் நிறத்தை விடும். மற்ற நிறங்களைப் பிடித்து வைத்துக் கொள்ளும். உள்ளே இல்லாத வெளிச்சத்தை அது எப்படிக் கொடுக்கும்?

அந்தக் காலத்து ரயில்வே கைகாட்டி மரத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வைப்பார்கள். இரவில் அது பச்சையாகத் தெரியும். ஆனால் பகலில் பார்த்தால், அந்தக் கண்ணாடி பச்சையாக இருக்காது. நீலம் கலந்து இருக்கும்! மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். நீலம் கலந்த கண்ணாடி வழியாக வரும்போது அது பச்சையாகத் தெரிந்தது.

இன்னொன்று. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை நிறம் கறுப்பாகத் தெரியும். ரோட்டு ஓரமாகப் பச்சைப் புடவை கட்டிய ஒரு தாய் நடந்து போனால், சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கில் அவள் இருட்டோடு இருட்டாகி விடுவாள்!

மஞ்சள் பனியைக் கிழிக்குமா?

"மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக் கொண்டு போகும்" என்று சொல்வது உண்டு. பனித்துளி, ஒளி அலையைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதற அடிக்கும். அதனால்தான் மூடுபனி வெள்ளையாக இருக்கிறது. மஞ்சளுக்கு மட்டும் அது வழி விடாது.

நம் பக்கத்துக் காரைக்காலை 1954 வரை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் தங்கள் நாட்டில் மோட்டார் முன்விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று 1936-ல் உத்தரவு போட்டார்கள். எதிரே வருகிறவருக்குக் கண் கூச்சம் குறையும் என்பது எண்ணம். ஐம்பது ஆண்டுக்கு மேல் அந்த உத்தரவு இருந்தது. 1993-ல் புதிய வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் போய் விட்டது.

பனியில் உதவுவது நிறம் அல்ல, விளக்கின் இடம். தாழ்வாக இருந்து, தரையைப் பார்த்து எரிய வேண்டும். மேல்நோக்கி அடித்தால், முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்தது போல் இருக்கும்.

யுத்த காலத்து முகமூடி

விளக்குக்கு முகமூடி போட அரசாங்கமே சொன்ன காலமும் உண்டு. அது யுத்த காலம். மேலே பறக்கும் எதிரி விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது அல்லவா? 1943-ல் சென்னைத் துறைமுகப் பக்கம் ஜப்பான் விமானம் ஒன்று குண்டு வீசியது. 1971-ல் பாகிஸ்தானுடன் யுத்தம் நடந்தபோது, வட இந்திய நகரங்களில் மோட்டார் விளக்கின் மேல்பாதியில் கறுப்பு வர்ணம் பூசினார்கள்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. இங்கிலாந்தில் 1941-ல் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 9,169 பேர். அந்த நாட்டு வரலாற்றிலேயே அதுதான் அதிகம். ஓடிய வண்டிகள் குறைவு. ஆனால் சாலை இருட்டு!

ஒரு சிறு கறுப்புப் பொட்டு

அப்படியானால் வெளிச்சத்தை அள்ளிக் கொட்டலாமா? அதுவும் ஆபத்துதான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் போகிறது. எதிர் விளக்கால் மூன்று வினாடி கண் இருண்டால், 50 மீட்டர் தூரம் குருடனாகப் போகிறோம்! நம் ஊர்ச் சாலையில் அந்த 50 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும்? காயப் போட்ட நெல் இருக்கும். வைக்கோல் வண்டி இருக்கும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் பக்தர்கள் இருப்பார்கள்.

எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பது விதி.

போலீசார் வண்டிகளை நிறுத்தி, முன்விளக்கின் நடுவில் சிறு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சுள்ளென்று அடிக்கும் ஒளியை மறைக்க அது ஒரு வழி. ஆனால் பொட்டு ஒட்டி விட்டோம் என்று 'டிம்' அடிக்காமல் இருக்கக் கூடாது.

செலவு இல்லாத வழி

எதிரே வண்டி வந்தால் 'டிம்' செய்யுங்கள். அந்த விளக்கை உற்றுப் பார்க்காதீர்கள். சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

விளக்குக் கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடையுங்கள். சேறும் ஒரு கலர் தாள்தான்! பின்னால் நெல் மூட்டை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கும். விளக்கும் மேலே அடிக்கும். அதைச் சரி பாருங்கள்.

கலர் மேல் ஆசை இருந்தால், டிராக்டர் டிரெய்லரின் பின்னால், மாட்டு வண்டியின் பின்னால், சைக்கிளின் பின்னால் மின்னும் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். அங்கேதான் கலர் உயிரைக் காக்கும்.

வீட்டில் பிள்ளை புது மோட்டார் சைக்கிள் வாங்கி, அதன் விளக்கில் வர்ணத்தாள் ஒட்டிக் கொண்டு நிற்கிறானா? திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். அவனே அதைக் கிழித்து விடுவான்!